சிலந்தி கேட்

ஒரு கேட்டில் எந்தக் கம்பியும் அந்தரத்தில் நிற்கக் கூடாது. கிளம்பின கம்பி இன்னொரு கம்பியிலோ சட்டத்திலோ போய் முட்டித்தான் முடிய வேண்டும். ஒரு முனை சும்மா நின்றால், கேட்டைத் திறந்து சாத்தும்போதெல்லாம் அது துடிக்கும். துடித்துத் துடித்து, வருஷம் திரும்புவதற்குள் ஒட்டின இடத்தில் விட்டுவிடும். அதோடு போகாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சட்டையைக் கிழிக்கும், ஆட்டுக்குட்டியின் கண்ணைக் குத்தும். இலுப்பூரில் விராலிமலை ரோட்டோரம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற திருப்பதி எதைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் பார்ப்பான். இந்தக் கோடு எங்கே போய் முடிகிறது?

பார்ப்பதற்கு அவனுக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த அப்பளத்தில் கொப்புளம் எப்படி எழும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சோற்றை ஆறவிடுவான். கண்மாய் வற்றி, களிமண் வெடித்துக் கிடந்தால் உள்ளே இறங்கிக் குந்திக்கொள்வான். வெடிப்புகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகத்தான் வந்து கூடுகின்றன, நாலு வெடிப்பு ஓர் இடத்தில் கூடுவது அபூர்வம் என்பதை அப்படிக் குந்தியிருந்துதான் கண்டுபிடித்தான். மூன்று கம்பி கூடுகிற இடத்தில் ஒட்டுப் போடுவது சுலபம், பலமும் அதிகம். அதுவே பிள்ளையார் கோயில் தெரு வாத்தியார் வீட்டில் 'கண்மாய் கேட்' ஆயிற்று. வயர்க்கூடைப் பின்னல் ஒரு வீட்டின் சன்னலுக்குப் போனது. ஈரச் சிமெண்டில் கோழி நடந்துபோன தடம் இன்னொரு வீட்டின் மாடிப்படிக்குப் போனது.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இந்த மனுசன் என் மொகத்தையா பாத்தாரு?" என்பாள் அவன் மனைவி கலைமதி. "எங்கப்பா வீட்டுச் சன்னலப் பாத்துக்கிட்டே இருந்தாரு. காப்பி குடுக்குறேன், 'இது என்ன கம்பி, பத்து எம்எம்மா பன்னெண்டா'ங்குறாரு."

வரைகிறவன் அண்ணன், வளைக்கிறவன் தம்பி என்றுதான் பட்டறை நடந்தது. தம்பி கார்முகில், இரும்புப் பலகையில் நட்டிருக்கிற இரண்டு முளைகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்து, தரையில் அண்ணன் சாக்பீஸால் போட்ட கோட்டை ஒரு பார்வை பார்ப்பான், ஓர் இழுப்பு இழுப்பான். இழுத்த கம்பி கோட்டின் மேல் அப்படியே படுத்துக்கொள்ளும். கோழிக்கால் டிசைனை வளைத்த அன்று, "அண்ணே, ஒரு கோழி இப்புடி நடந்துச்சுன்னா அது நொண்டிக் கோழி. நல்ல கோழியாப் பாத்து வரஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டு, அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

போன ஆவணியில், கட்டிங் வீல் வாங்கப் புதுக்கோட்டைக்கு பைக்கில் போன கார்முகில், அன்னவாசல் தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த காரில் மோதிச் செத்துப்போனான். ஹெல்மெட் வண்டி டேங்கின் மேல் மாட்டியே இருந்தது.

அவன் மனைவி செவந்திக்கு மணமேல்குடி பக்கம். காரியம் முடிந்ததும் அவளையும் பிள்ளை வைஷ்ணவியையும் கூட்டிப்போக அவளுடைய அண்ணன் ஆண்டியப்பன் வேன் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் ஏறவில்லை. "பெரியத்தான் இருக்காக, கலை அக்கா இருக்கு. பிள்ள இந்தப் பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். திருப்பதிக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகள் காலையில் எழுந்து, "பெரியப்பா, என் செருப்பு எங்க?" என்று கேட்பது அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சத்தம். அந்தச் சத்தம் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவனுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒரு வாரம் கழித்துச் செவந்தி தானாகவே பட்டறைக்கு வந்தாள்.

"கம்பி வளைக்கிற வேலை என்னால முடியாது அத்தான். பெயிண்டாவது அடிக்கிறேன். வீட்டுக்குள்ளயே இருந்தா செவுருதான் தெரியுது."

புதுக் கம்பியில் ஒட்டுப் போட்டு, கிரைண்டர் வைத்துத் தேய்த்த இடம் வெள்ளி மாதிரி பளபளக்கும். ஆனால் அது பச்சைப் புண். ஒரு ராத்திரிப் பனி போதும், விடிவதற்குள் துரு ஏறிவிடும். அதனால் தேய்த்த கையோடு ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். அந்தச் செங்காவிப் பெயிண்டைச் செவந்தி அடித்தாள். திருப்பதி, "இடுக்கு விடாம அடி ஆத்தா, இடுக்குலதான் துரு குடியிருக்கும்" என்பான். அவள் கம்பியும் கம்பியும் கூடுகிற சந்தில் பிரஷ்ஷின் நுனியைக் கொடுத்துத் திருகுவாள். பிரஷ்ஷில் பெயிண்ட் மிஞ்சினால் பட்டறையின் பின்சுவரில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பாள். நாளாக ஆக அந்தச் சுவர் சிவந்துகொண்டே வந்தது.

ஐப்பசியில் சிவபிரகாஷ் வந்தார். குவைத்தில் இருந்து திரும்பி, மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தவர்.

"திருப்பதிண்ணே, இந்த மயிலு, அன்னப்பச்சி, ஓம்காரம்லாம் நமக்கு வேணாம். அது எல்லா வீட்டுலயும் இருக்கு. ரோட்டுல போறவன் வண்டிய நிப்பாட்டிப் பாக்கணும். அந்த மாதிரி ஒண்ணு போடுங்க."

திருப்பதி பலாச்சுளை அடுக்கை வரைந்து காட்டினான். பனங்கிழங்கு நாரை வரைந்து காட்டினான். நல்லாருக்குண்ணே என்பார், ஆனாலும் என்று இழுப்பார், போய்விடுவார்.

ஒருநாள் மத்தியானம், செவந்தி சாப்பிடப் போயிருந்த நேரம், திருப்பதி தரையில் குந்தி சாக்பீஸை எடுத்தான். எதையும் நினைத்து எடுக்கவில்லை. ஒரு புள்ளி வைத்தான். புள்ளியிலிருந்து கீற்றுகளை இழுத்தான். புள்ளி சட்டத்தின் நடுவில் விழாமல் கீழே இடது ஓரத்தில் விழுந்திருந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டான். ஒரு கீற்று நேரே போய், பாதியில் ஒடிந்து, மேலே திரும்பியது. அப்போதுதான் கை நின்றது.

எங்கே பார்த்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி இறந்த மறுநாள், கையெழுத்துப் போட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். கேஸ் எழுதுகிற ஏட்டு சாப்பிடப் போயிருந்தார். வாசல் வேப்பமரத்தடியில் தம்பியின் வண்டி கிடந்தது, பக்கத்தில் அந்தக் கார் நின்றது. வண்டியைப் பார்க்க வேண்டியவன் காரைப் பார்த்தான். காரின் முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அதனால் உடைந்தாலும் கொட்டாது, உடைந்தபடியே நிற்கும். அடி விழுந்த புள்ளியிலிருந்து முதலில் கீற்றுகள் நாலாபக்கமும் ஓடும். பிறகு கண்ணாடி உள்வாங்கிக் குழியும்போது கீற்றுக்கும் கீற்றுக்கும் குறுக்கே வளையம் வளையமாக விரிசல் விழும். புள்ளிக்குப் பக்கத்தில் வளையங்கள் நெருங்கி இருக்கும், விலகப் போகப் போக இடைவெளி கூடும். அந்தக் காரில் புள்ளி, பார்க்கிறவனுக்குக் கீழே இடதுபக்கம் இருந்தது. ஒரு கீற்று மட்டும் பாதியில் ஒடிந்து மேலே திரும்பியிருந்தது.

ஒரு கோடுகூட அந்தரத்தில் நிற்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் காரிலிருந்து கண்ணை எடுத்தான். எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

இப்போது அது பட்டறைத் தரையில் கிடந்தது. அழிக்க ஈரத்துணியைக் கையில் எடுத்துவிட்டான். கடைசியாக ஒருமுறை பார்த்தான். இவ்வளவு நாள் போட்ட டிசைன் எதுவும் இந்த மாதிரி இழுத்துப் பிடித்து நின்றதில்லை. கண்ணை எங்கே வைத்தாலும் அந்த ஓரப் புள்ளிக்கே கொண்டுவந்து விட்டது. அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு, வளையங்களைப் போட ஆரம்பித்தான்.

சிவபிரகாஷ் பார்த்ததும் தொடையில் தட்டினார். "இதாண்ணே! நடு ஏன் ஓரத்துல இருக்கு?"

"அது அப்படித்தான்" என்றான் திருப்பதி.

பட்டறையில் ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் தரையில் போட முடியும். இரட்டைக் கதவு கேட் என்றால் முதலில் இடது கதவைக் கட்டுவார்கள். அதன் விளிம்பில் எந்தெந்தக் கம்பி எந்த உயரத்தில் வந்து முட்டுகிறது என்று ஒரு நீளக் குச்சியில் குறித்துக்கொள்வார்கள். பிறகு கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, குச்சியில் இருக்கிற குறிகளிலிருந்து வலது கதவைத் தொடங்குவார்கள். இரண்டு கதவும் ஒன்றை ஒன்று பார்ப்பது, வீட்டு வாசலில் தூண் நட்டு மாட்டும்போதுதான். ஒட்டுப் போடுவதிலும் ஒரு பக்கமாகவே போட்டுக்கொண்டு போக முடியாது. சூடு இரும்பை இழுக்கும், கதவு முறுக்கிக்கொள்ளும். இந்த மூலையில் ஒரு பொட்டு வைத்தால் அடுத்து எதிர் மூலையில் ஒரு பொட்டு. திருப்பதி ஒண்டியாக, நிதானமாகச் செய்தான். முடித்த கதவை, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்தான். இடம் இல்லை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

செவந்தி பெயிண்ட் அடித்தாள். படுத்துக் கிடக்கிற கதவின் பக்கத்தில் குந்தியிருக்கிறவளுக்கு ஒரு கையகலக் கம்பிதான் தெரியும். "என்னத்தான் இது, இம்புட்டு சந்து? சந்து சந்தா இடுப்பு ஒடியுது" என்றாள். "இதுக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல."

"கோழியாச்சும் நடந்துட்டுப் போச்சு. இதுல எது விழுந்து பொரண்டுச்சோ" என்று சொல்லி, கார்முகில் இறந்தபிறகு முதன்முறையாகச் சிரித்தாள். திருப்பதி கிரைண்டரைப் போட்டுக்கொண்டான்.

தையில் கிரகப்பிரவேசம். திருப்பதியின் குடும்பத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்திருந்தார்கள். வருஷம் திரும்பாதவள் விசேஷ வீட்டுப் படி ஏற மாட்டாள். ஆனாலும் சமையலுக்கு ஆள் குறைகிறது என்று சிவபிரகாஷ் வீட்டம்மா கேட்டுக்கொண்டதால் செவந்தி காய் அரியப் போனாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் சமையல் பந்தல். பனி விலகாத விடிகாலையில் பசுவையும் கன்றையும் உள்ளே ஓட்டினார்கள். மேளச் சத்தத்தில் கன்று மிரண்டு ரோட்டுப் பக்கம் திரும்பவும், யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

திருப்பதி உள்ளே இருந்தான். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கொடுத்த மாதிரி அவனுக்கும் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். சிவபிரகாஷ் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நம்ம கேட்ட பாத்தீங்கள்ல? இவருதான்! எங்கிட்டிருந்துண்ணே பிடிக்கிறீங்க இந்த டிசைனெல்லாம்? எல்லாருக்கும் சொல்லுங்க."

மைக் வாய்க்கு நேரே வந்துவிட்டது. "நித்தமும் கண்ணுல படுறதுதான். வேப்பமரத்துல... ஒரு சிலந்தி வலை" என்றான் திருப்பதி.

"சிலந்தி கேட்டு!" என்று சிவபிரகாஷ் கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

தட்டோடு வெளியே வந்தபோது பந்தலில் செவந்தி இல்லை. அருவாமனை படுத்துக் கிடந்தது, பக்கத்தில் பாதி அரிந்த பீன்ஸ். "தலை சுத்துதுன்னுச்சு. போயிருச்சு. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போன்னேன், காதுலயே வாங்கல" என்றாள் சமையல்காரி.

திருப்பதி திரும்பிப் பார்த்தான். கேட் இன்னும் சாத்தியே இருந்தது. உள்ளே எரிகிற ஃபோகஸ் லைட்டுக்கு முன்னால் கம்பிகள் கறுப்பாக நின்றன. இரண்டு கதவும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் எதிரே, அவள் கண்மட்டத்துக்கு, அந்தப் புள்ளி.

அவள் வீட்டில் இல்லை. பட்டறையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சிலந்தி வலையாம்ல?" என்றாள்.

அவன் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"எதுத்தாப்புலதான் ஒக்காந்திருந்தேன் அத்தான். ரெண்டு கதவும் சேந்துச்சு. எனக்கு மொதல்ல வெளங்கல. எங்கனயோ பாத்திருக்கமேன்னு யோசிச்சுக்கிட்டே பீன்ஸ அரியிறேன். வெரல அரிஞ்சுட்டேன்."

விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"ஒங்களுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியிலருந்து போன் வாரதுக்கு முன்னாடியே எனக்குப் போட்டோ வந்துருச்சு. எவனோ குரூப்புல போட்டுட்டான், அன்னவாசல் பக்கம் ஆக்சிடெண்ட்டுன்னு. யாரு பெத்த பிள்ளயோன்னு பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். கண்ணாடிதான் தெரிஞ்சுச்சு. அப்பறம் ஓரத்துல வண்டி. வண்டி ஹேண்டில்பார்ல நான் கட்டிவிட்ட மஞ்சக் கயிறு."

"செவந்தி..."

"அந்த ஒடிஞ்ச கீத்து மொதக்கொண்டு வச்சிருக்கீங்க. நான்தான் பெயிண்ட் அடிச்சேன். இடுக்கு விடாம அடின்னீங்க. இடுக்கு விடாம அடிச்சேன். எங்க அவுக தல போய் இடிச்ச எடத்த, நான் குந்தி ஒக்காந்து, பிரஷ்ஷ விட்டுத் திருகித் திருகி..."

அவள் அழவில்லை. பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தெரியாம வந்துருச்சுன்னு சொல்லுங்க. கை தன்னால போட்டுருச்சு, எனக்கு நெனப்பே இல்லன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன். பிள்ள மேல சத்தியமா நம்பிக்கிறேன். எங்கண்ணன் நேத்துகூட வா வான்னு போன்ல கூப்புட்டுச்சு. போகமாட்டேன். இங்கனயே இருந்துக்கிறேன்."

அது பாதிக்கு மேல் உண்மைதானே என்று திருப்பதி நினைத்தான். கைதான் முதலில் போட்டது. அதைச் சொன்னால் போதும். வாயைத் திறந்தான். கண் முன்னால் ஈரத்துணி வந்தது, அதைக் கீழே வைத்தது வந்தது, வைத்தபிறகு போட்ட வளையங்கள் வந்தன.

"நல்லா வந்துச்சு, செவந்தி" என்றான்.

அவள் விரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள்.

"ஆமாத்தான். நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அதத்தான் என்னால தாங்கிக்க முடியல."

அன்று சாயங்காலம் கலைமதி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒரு பொய் சொல்லத் தெரியாதாய்யா ஒனக்கு? ஊருக்கே மைக்க வச்சு சிலந்தின்னு சொன்ன வாயிதானே? வீட்டுக்குள்ள வந்ததும் அரிச்சந்திரன் ஆயிட்டியா?"

"கேட்டத் திருப்பி வாங்கிட்டு வந்துர்றேன்."

"போ. போய்க் கேளு. அவரு கழட்டிக் குடுக்குறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

மறுநாள் போனான். சிவபிரகாஷ் வாசலில் நின்று, யாரோ இருவர் கேட்டின் முன்னால் படம் எடுத்துக்கொள்வதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டுல கொஞ்சம் கோளாறு இருக்கு தம்பி. கழட்டிக்கிட்டுப் போறேன். வேற போட்டுத் தாறேன்."

"என்னண்ணே வெளையாடுறீங்களா? கோளாறுன்னா இங்கனயே மிஷின வச்சு ஒட்டுங்க. மாட்டி ரெண்டு வாரமா ஜனம் வீட்டையா பாக்குது? கேட்டத்தான் பாக்குது."

ஒரு வார்த்தை போதும். இது என் தம்பி மண்டை உடைந்த கண்ணாடி என்று சொன்னால், சிவபிரகாஷ் அந்த நிமிஷமே ஆள் வைத்துப் பெயர்த்து எறிந்துவிடுவார். புது வீட்டு வாசலில் சாவை யார் வைத்துக்கொள்வார்கள்? திருப்பதிக்கு அது தெரியும். அதைச் சொல்லத்தான் நடந்தே வந்தான். காலை வெயில் கேட்டின் மேல் ஏறி, கீற்றுகளின் நிழல் சிமெண்டுத் தரையில் இன்னொரு நட்சத்திரமாக நீண்டு கிடந்தது. நிழல் இப்படி விழும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கவில்லை.

"இங்க பாருங்க கூத்த" என்று சிவபிரகாஷ் போனை நீட்டினார். "மாட்டுன அன்னைக்கே நான் குரூப்புல படம் போட்டேன்ல, கறம்பக்குடியில ஒருத்தன் அதப் பாத்து அதுக்குள்ள செஞ்சு மாட்டிட்டான். நடுவ மட்டும் கொண்டாந்து நட்டநடுவுல வச்சிருக்கான்."

கெடுத்துவிட்டானே என்றுதான் திருப்பதிக்கு முதலில் தோன்றியது. தோன்றிய பிறகு, சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கோளாறு பெரிசாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

செவந்தி வெள்ளிக்கிழமை கிளம்பினாள். பையைத் திருப்பதி தூக்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்கு வேறு வழியும் இருந்தது, அவள் மார்க்கெட் வழியாகவே நடந்தாள். சிவபிரகாஷ் வீடு வந்ததும் வைஷ்ணவி கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"பெரியப்பா, இது எங்கம்மா பெயிண்ட் அடிச்ச கேட்டு!" என்று கூவி, புள்ளியில் விரலை வைத்து, கீற்றின் மேல் ஓட்டினாள். நேரே போய், ஒடிந்து, மேலே.

"பாத்தது போதும், வாடி" என்றாள் செவந்தி.

புதுக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கே இறங்கி, அறந்தாங்கி வழியாக மணமேல்குடி போக வேண்டும். சன்னலோரம் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அக்காகிட்டச் சொல்ல மறந்துட்டேன். அரைச்ச மொளகாத்தூளு பெரிய டப்பாவுல இருக்கு. இன்னும் ஆறல, மூடிற வேணாம்னு சொல்லுங்க."

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்..."

"அங்கிட்டும் பள்ளிக்கூடம் இருக்கு."

"ஆவணியில திவசத்துக்கு வந்துரு, ஆத்தா."

"அவுகளுக்கு நான் அங்கனயே கடற்கரையில குடுத்துக்கிறேன்" என்றாள். "நீங்க ஒங்க தம்பிக்குத்தான் எல்லாம் செஞ்சுட்டீங்களே."

பஸ் போனபிறகு அவன் பட்டறைக்கு வந்தான். இரண்டு பேர் காத்திருந்தார்கள், சிலந்தி கேட் வேண்டும் என்று. முடியாது என்று சொல்லி அனுப்பினான். அவர்கள் போகும்போது, கறம்பக்குடியில் செய்வதாகப் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

ரெட் ஆக்சைடு டப்பாக்களை எடுத்து உள்ளே வைத்தான். பிரஷ்களை மண்ணெண்ணெயில் போட்டான். அவள் உட்காருகிற சாக்கைச் சுருட்டினான். நிமிர்ந்தபோது பின்சுவர் தெரிந்தது.

அவள் பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்துச் சிவந்த சுவர். இத்தனை மாதமும் அதை அவன் அழுக்காகத்தான் பார்த்திருந்தான். ஒவ்வோர் இழுப்பும் தொடங்குகிற இடத்தில் தடித்து, போகப் போக மெலிந்து, மயிர் மயிராகப் பிரிந்து முடிந்திருந்தது. குந்தியபடி கையை எட்டிப் போட்டதால் எல்லா இழுப்பும் அவள் தோள் இருந்த இடத்திலிருந்து விசிறி மாதிரி விரிந்தது. அடியில் காய்ந்து கறுத்தவை, அதற்கு மேல் செங்காவி, எல்லாவற்றுக்கும் மேலே கடைசி வாரத்து இழுப்புகள் இன்னும் மினுங்கின.

இது இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினான். வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தான். மட்டை பிரஷ்ஷை எடுத்து வாளியின் விளிம்பில் சாய்த்தான். கரைத்த சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து, பாலில் கட்டுகிற மாதிரி ஏடு கட்டும். அதற்குக் கொஞ்சநேரம் ஆகும்.

கலைமதி சாப்பிடக் கூப்பிட வந்தபோது வாளியில் ஏடு கட்டியிருந்தது. சுவர் சிவப்பாகவே இருந்தது. திருப்பதி தரையில் மண்டியிட்டு, சாக்பீஸும் கையுமாக, சுவரை ஒரு பார்வை தரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் கேட் வரைந்திருந்தான்.

அவள் உள்ளே வந்தாள். வாளியைக் கலக்கி, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, சுவரின் மேல்மூலையில் பிரஷ்ஷை வைத்து இழுத்தாள். சிவப்பின் மேல் வெள்ளை இறங்கியது.

"கொஞ்சம் பொறு கலை" என்றான் திருப்பதி, தலையைத் தூக்காமல். "அந்த ஓரம் மட்டும் பாக்கி இருக்கு."

அவள் அந்த ஓரத்தில் இருந்துதான் தொடங்கியிருந்தாள்.